நான்கு முனை உராய்வு ஹிட்ச்: மூன்று கோடைகாலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

உள்ளே தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்பவர்களுக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தயாராகும் ஈக்வலைசர் என்ற எடைப் பகிர்வு ஹிட்சை, அதாவது வண்டியையும் டிரெய்லரையும் பூட்டும் இணைப்புக் கருவியை, நான் மூன்று கோடைகாலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். டொராண்டோவிலிருந்து சாண்ட்பேங்க்ஸ், கில்பேர், பான் எக்கோ என்று ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களுக்கும், நயாகரா பக்கமும் குடும்பத்தோடு பலமுறை போய்வந்த பிறகே இதை எழுதுகிறேன். இந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லதே அதிகம் இருக்கிறது. ஆனால் எந்த ஹிட்சை வாங்கினாலும், எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் அதைப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினால் செலவழித்த பணத்துக்குப் பயன் இல்லை என்பதை நான் அச்சத்தோடு கற்றுக்கொண்டேன். ஆகவே மதிப்புரையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் டிரெய்லர் 26 அடி நீளம், இரட்டை அச்சு. அதை வாங்கிய கடையிலேயே ஒரு பழைய பாணி எடைப் பகிர்வு ஹிட்சையும், டிரெய்லர் பக்கவாட்டில் வீசுவதைத் தடுக்க ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தும் உராய்வுத் தண்டு ஒன்றையும் மாட்டிக் கொடுத்தார்கள். வண்டியின் முன்சக்கர வளைவின் உயரத்தை யாரும் அளக்கவில்லை. டிரெய்லரில் என்னென்ன ஏற்றப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பயணத்தில், பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தின் மேல் ஏரியிலிருந்து பக்கக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. அதன் முகப்பு தள்ளும் காற்று முதலில் டிரெய்லரின் பின்பகுதியை வெளியே தள்ளியது. அடுத்து அதன் நீண்ட பக்கவாட்டு டிரெய்லரை உள்ளே இழுத்தது. அதற்குப் பிறகு லாரி போய்விட்டது, டிரெய்லர் மட்டும் தானாகவே இடமும் வலமுமாக மூன்று முறை வீசியது. ஒவ்வொரு வீச்சிலும் ஸ்டியரிங் என் கையில் லேசாக, பிடிப்பே இல்லாமல் மிதந்தது.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஹிட்ச் இல்லை. டாஷ்போர்டின் கீழே இருந்த பிரேக் கன்ட்ரோலரின் சிறிய நெம்பியைக் கையால் தள்ளி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்ததே காப்பாற்றியது. டிரெய்லர் இப்படி இடமும் வலமுமாக வீசும் அலைவு தொடங்கிவிட்டால் காலால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி அதைப் பின்னுக்கு இழுக்கச் செய்ய வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு காலியான வாகன நிறுத்துமிடத்தில், கண் பார்க்காமலே கை அந்த நெம்பியைத் தொடும் வரை பழகிக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் காரணம் புரிந்தது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். அளவாக முன்பாரம் இருந்தால்தான் வண்டி அடங்கி வரும். இங்குள்ள கடைகளில் டங் வெயிட் என்று சொல்வதும் அந்த முன்பாரத்தையே, அதாவது டிரெய்லரின் முனை ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையையே. இவ்வகை டிரெய்லர்களுக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். எங்களுடையதோ மொத்தம் 6,450 பவுண்டுக்கு வெறும் 570 பவுண்டு, ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. குடிநீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அறியாமல் 40 கேலன் நீரை, அதாவது ஏறக்குறைய 150 கிலோவை, நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். பின் பம்பரில் மிதிவண்டிகளைத் தொங்கவிட்டிருந்தேன். கருவிப் பெட்டியும் பின்பக்க அலமாரியில் இருந்தது. இத்தனை பின்பாரத்தோடு ஓடும் டிரெய்லரை எந்த ஹிட்சும் முழுமையாக அடக்க முடியாது.

நீரை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்வதென்று தொட்டியைக் காலி செய்தேன். மிதிவண்டிகளைப் பிக்கப்பின் பின்புறச் சாமான் தொட்டிக்கு மாற்றினேன். கருவிப் பெட்டியை டிரெய்லரின் முன்பக்கச் சாமான் அறைக்குக் கொண்டுவந்தேன். மொத்த எடை 6,020 பவுண்டாகக் குறைந்தது. முன்பாரம் 800 பவுண்டுக்கு உயர்ந்தது, அதாவது 13 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. ஒரு டாலர்கூடச் செலவில்லாத இந்த மாற்றம்தான் அலைவைக் கட்டுப்படுத்துவதில் முதல் படி. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த ஹிட்சை வாங்குபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனெனில் அந்தக் கருவி அலைவின் அறிகுறியை மறைத்து வைத்திருக்கும். எல்லை மீறும் வரை ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

முன்பாரம் சரியானதும் அடுத்த சிக்கல் எழுகிறது. அந்த 800 பவுண்டு, வண்டியின் பின் அச்சுக்கு ஐந்து அடி பின்னால் தொங்குகிறது. அது நெம்புகோல் போலப் பின் அச்சைத் தாங்குமுனையாகக் கொண்டு முன்பகுதியைத் தூக்குகிறது. முன்சக்கரங்களில் எடை குறைந்தால் திருப்பும் பிடிப்பும் பிரேக்கின் பிடிப்பும் குறைகின்றன. எடைப் பகிர்வு ஹிட்ச் இதைத்தான் சரிசெய்கிறது. ஹிட்ச் தலையிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்களை டிரெய்லரின் சட்டத்தில் வளைத்து ஏற்றி வைக்கும்போது, ஒரு தள்ளுவண்டியின் கைப்பிடிகளை மேலே தூக்குவது போல, பின் அச்சில் குவிந்திருந்த சுமையின் ஒரு பகுதி முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் பிரிந்து போகிறது. பின்பகுதி தாழ்ந்து தெரிகிறதே என்று காற்றுப்பை சஸ்பென்ஷன் போடுபவர்கள் உண்டு. அது பின்பகுதியை உயர்த்திக் காட்டும், முன் அச்சுக்குப் போக வேண்டிய எடையைத் திருப்பித் தராது.

வாங்குவதற்கு முன் வண்டியின் பின்னால் ஹிட்சைச் செருகும் குழாயான ரிசீவரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். என்னுடைய 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 வண்டியில், எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் இழுத்தால் 5,000 பவுண்டு டிரெய்லரும் 500 பவுண்டு முன்பாரமும்தான் எல்லை என்று எழுதியிருக்கிறது. பகிர்வோடு இழுத்தால் அந்த எல்லை இரு மடங்குக்கும் மேல் உயர்கிறது. ஆகவே எங்கள் டிரெய்லருக்கு இந்த ஹிட்ச் விருப்பப் பொருளே இல்லை, கட்டாயம். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் உள்ள மஞ்சள் சீட்டு சொல்லும் சுமை அளவில், குடும்பத்தின் எடையோடும் சாமான்களோடும் முன்பாரத்தையும், 45 கிலோ அளவுக்கு வரும் ஹிட்சின் எடையையும் சேர்த்தே கழிக்க வேண்டும். பலரும் டிரெய்லர் இழுக்கும் திறனைப் பார்த்து மகிழ்ந்து, இந்தச் சுமை அளவைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஈக்வலைசர் 4,000 பவுண்டு டிரெய்லருக்கும் 400 பவுண்டு முன்பாரத்துக்கும் உரிய சிறிய அளவில் தொடங்கி, 6,000 மற்றும் 600, 10,000 மற்றும் 1,000 என்று மேலே போகிறது. இங்கே முதல் எண்ணைப் பார்த்து வாங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறு. ஆறாயிரம் பவுண்டை ஒட்டிய டிரெய்லருக்கு 6,000 அளவு போதும் என்று தோன்றும். ஆனால் 800 பவுண்டு முன்பாரத்துக்கு அந்தப் பார்கள் போதாது. பிக்கப்பின் தொட்டியில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானின் எடையையும் முன்பாரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வதால், நான் 10,000 மற்றும் 1,000 அளவை எடுத்தேன். அதற்கும் மேலே போவதும் நல்லதில்லை. தேவைக்கு மிஞ்சிய விறைப்புள்ள பார்கள் குழி விழுந்த சாலையில் அதிர்வை விழுங்காமல் டிரெய்லரின் சட்டத்துக்கே அனுப்பிவிடும்.

இதன் அமைப்பு எளிது, அதுதான் எனக்குப் பிடித்தது. சங்கிலிகள் கிடையாது. பார்கள் ஹிட்ச் தலையில் நுழையும் இரண்டு குழிகளில் இறுக்கமான பிடிப்பும், அவற்றின் மறுமுனை டிரெய்லரின் சட்டத்தில் போல்ட் செய்யப்பட்ட ஆங்கில எல் எழுத்து வடிவப் பிராக்கெட்டுகளின் மேல் இரும்போடு இரும்பாக அமர்ந்து உரசும் பிடிப்பும் சேர்ந்து நான்கு இடங்களில் அலைவைத் தடுக்கின்றன. எடையைப் பகிர்வதற்காகச் செலுத்தும் அழுத்தமே உராய்வையும் உண்டாக்குவதால் தனியாக ஒரு தண்டை மாட்டவோ இறுக்கவோ வேண்டியதில்லை. முன்பு கடையில் கொடுத்த தனி உராய்வுத் தண்டைப் பின்னோக்கி ஓட்டும் முன் கழற்ற வேண்டும், வழுக்கும் சாலையில் தளர்த்த வேண்டும். மழையில் ஒரு முகாமுக்குள் நுழையும்போது யாருக்கும் அது நினைவிருக்காது. ஈக்வலைசரில் எதையும் கழற்றாமலே பின்னோக்கி நிறுத்தலாம். மாலை இருட்டில் மரங்களுக்கு இடையே டிரெய்லரை ஏற்ற வேண்டியவருக்கு இது சிறிய வசதி இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். இரும்பு இரும்போடு உரசும் எந்த அமைப்பிலும் மெதுவான திருப்பங்களில் முனகல் எழும். ஈக்வலைசர் நிறுவனமும் அதை இயல்பு என்றே சொல்கிறது. பெட்ரோல் நிலையத்தில் திரும்பும்போது நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஹிட்ச் தலையின் குழிகளைத் துடைத்துக் கிரீஸ் தடவினால் அங்கிருந்து வரும் ஓசை அடங்கும். பிராக்கெட்டுக்கென்று உறைகளும் தனியாக விற்கிறார்கள். நான் உறை போடவில்லை. அந்த முனகல் கேட்கும்போது பார்கள் தம் வேலையைச் செய்கின்றன என்று எனக்குத் தெரிகிறது.

பொருத்துவதை நானே செய்தேன். ஹிட்ச் தலையை, ரிசீவருக்குள் செருகும் ஷேங்க் என்ற தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகளை 300 பவுண்டு-அடிக்கு மேல் முறுக்க வேண்டியிருப்பதால் சாதாரண ஸ்பேனர் பயன்படாது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் நீளமான டார்க் ரெஞ்ச் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஹிட்ச் தலையின் சாய்வை ஒரு சிறு தண்டில் கோக்கும் வாஷர்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. வாஷர் கூடக் கூடப் பார்களின் முனை கீழே இறங்கும், அவற்றைப் பிராக்கெட்டின் மேல் ஏற்றும்போது அழுத்தம் மிகும். டிரெய்லரைப் பூட்டாமல் வண்டியின் முன்சக்கர வளைவைத் தரையிலிருந்து அளந்தபோது 37½ அங்குலம் இருந்தது. பார்கள் இல்லாமல் பூட்டியதும் அது 38½ ஆக எழுந்தது. நான்கு வாஷரோடு பார்களை ஏற்றியபோது ஏறக்குறைய அசையவே இல்லை. தலையைக் கழற்றி ஆறு வாஷர் ஆக்கியபோது 37⅞க்கு இறங்கியது. ஒரு முழு சனிக்கிழமை இதற்குப் போயிற்று. போகட்டும், அதை நான் வீணாக நினைக்கவில்லை.

எழுந்த ஒரு அங்குலத்தையும் முழுதாக இறக்கிவிடலாமே என்று கேட்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். முன் அச்சுக்கு அளவுக்கு மீறி எடையைத் தள்ளினால் பின்சக்கரங்கள் லேசாகி, வளைவில் வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுழல இடம் உண்டாகிறது. ஆகவே இப்போது பல வாகனத் தயாரிப்பாளர்கள் இழந்ததில் பாதியளவைத் திரும்பப் பெற்றால் போதும் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு இல்லை. உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள், ஹிட்ச் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

அளவு நாடா ஒரு குறிப்பைத் தரும். எடை மேடைதான் உண்மையைச் சொல்லும். நெடுஞ்சாலை 401 ஓரத்திலுள்ள பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடைகள் இருக்கின்றன. முன் அச்சு ஒரு பலகையிலும், பின் அச்சு அடுத்ததிலும், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்குமாறு ஏற்றி, பொத்தானை அழுத்திச் சொன்னால் மூன்று எடைகளையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடை போட்டால் கட்டணம் குறைவு. பிக்கப் மட்டும் நின்றபோது முன்னால் 3,200, பின்னால் 2,760 பவுண்டு. பார்கள் இல்லாமல் டிரெய்லரோடு நின்றபோது முன்னால் 2,860, பின்னால் 3,900, டிரெய்லர் அச்சுகளில் 5,220. இரண்டு சீட்டுகளிலும் பிக்கப்பின் இரு அச்சு எடைகளைக் கூட்டிக் கழித்தால் 800 வருகிறது, அதுதான் முன்பாரம். பின் அச்சில் கூடியதோ 1,140. 800 பவுண்டு முன்பாரம் பின் அச்சை 1,140 பவுண்டாக அழுத்துகிறது என்பதை அந்தச் சீட்டில் பார்த்தபோதுதான், பாலத்தின் மேல் ஸ்டியரிங் ஏன் மிதந்தது என்ற கேள்விக்குக் கையில் பிடிக்கக்கூடிய விடை கிடைத்தது. அன்றைய முன்பாரம் இதைவிடக் குறைவு என்றாலும், எடையைச் சரியாகப் பகிராத ஹிட்சோடு அதே நெம்புவிசைதான் முன்சக்கரங்களைத் தூக்கியிருந்தது.

பார்களை ஏற்றி மூன்றாவது முறை நின்றபோது முன்னால் 3,070, பின்னால் 3,570, டிரெய்லரில் 5,340 பவுண்டு. இழந்த 340இல் 210 முன் அச்சுக்குத் திரும்பிவிட்டது. 120 டிரெய்லர் அச்சுகளுக்குப் போயிற்று. பின் அச்சின் பாரம் 330 இறங்கியது. மூன்று சீட்டுகளையும் ஹிட்ச் கையேட்டின் உறையில் வைத்திருக்கிறேன்.

வேறு ஹிட்ச்களையும் ஆராய்ந்துதான் இதை எடுத்தேன். ஐடஹோவில் தயாராகும் ஆண்டர்சன் ஹிட்ச் எடை குறைவு, ஓசையே இல்லை. பிரேக் லைனிங் போன்ற உராய்வுப் பொருள் பதித்த கூம்பு ஒன்றில் பந்தின் தண்டு அழுந்தித் திரும்புவதால் அலைவு அடங்குகிறது, எடையைச் சங்கிலிகளும் யூரித்தேன் தாங்கிகளும் பகிர்கின்றன. முதுகுவலி உள்ளவர்கள், சிறிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பாரம் மிகுந்த நீண்ட டிரெய்லருக்கு முன் அச்சின் எடையைப் போதுமான அளவு மீட்க, எஃகுப் பார்கள் உள்ள அமைப்பையே நான் நம்புவேன். நெப்ராஸ்காவின் புளூ ஆக்ஸ் நிறுவனத்தின் ஸ்வேப்ரோவில் சாய்வு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதால் பொருத்துவது எளிது. ரீஸ் நிறுவனத்தின் இரட்டைக் கேம் அமைப்பில், பார்களின் முனையிலுள்ள பள்ளம் கேம் என்ற புடைப்பின் மேல் அமர்ந்து டிரெய்லரை நேர்க்கோட்டுக்குத் திருப்புகிறது.

மிச்சிகனில் உருவான ஹென்ஸ்லி ஆரோ, அதை வடிவமைத்த ஜிம் ஹென்ஸ்லியின் பிற்கால வடிவமைப்பான புரோபிரைட் ஆகிய இரண்டும் வேறு வகை. அவை உராய்வை நம்புவதில்லை. நான்கு இணைப்புக் கம்பிகள் கொண்ட அமைப்பால், டிரெய்லர் திரும்பும் மையத்தைப் பந்திலிருந்து முன்னோக்கி, பின் அச்சை ஒட்டிய இடத்துக்கு நகர்த்திவிடுகின்றன. டிரெய்லர் தானாகப் பக்கவாட்டில் வீச இடமே கிடைப்பதில்லை. விலை மூவாயிரம் அமெரிக்க டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. எடையும் மிகுதி, பூட்டுவதற்குத் துல்லியமான பார்வையும் வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைந்த வண்டியில் 30 அடி டிரெய்லரை ஆண்டு முழுவதும் இழுத்து வாழ்பவர்கள் அந்தப் பணத்தைத் தயங்காமல் செலவிடலாம். கோடையில் ஆறேழு பயணம் போகும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் கிடைக்கும் ஈக்வலைசர் போதும்.

நடைமுறையில் இதைப் பூட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். பார்களைக் கையால் வளைத்து ஏற்ற முயல வேண்டாம். கைவிரலோ மணிக்கட்டோ போய்விடும். டிரெய்லரின் முனையைப் பந்தில் பூட்டிய பிறகு, முனை ஜாக்கினால் டிரெய்லரையும் பிக்கப்பின் பின்பகுதியையும் சேர்த்து உயர்த்துங்கள். பார்கள் பிராக்கெட்டின் மேல் ஏறக்குறையத் தாமாகவே வந்து அமரும். கூடவே தரும் கம்பியால் லேசாக நெம்பினால் போதும். கழற்றும்போதும் அப்படியே. வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் திரும்பி நின்றால் ஒரு பார் மட்டும் விறைத்துக்கொண்டு இறங்க மறுக்கும். அப்போது கொஞ்சம் முன்னே ஓட்டி நேராக்கிக்கொள்வதே வழி.

சென்ற ஆகஸ்டில் அதே பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தை, அதே டிரெய்லரோடு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தேன். காற்று அன்றும் இருந்தது. லாரி ஒன்று இடப்பக்கம் கடந்தபோது பிக்கப்பும் டிரெய்லரும் ஒரே உடம்பாக ஒரு கையளவு விலகி, அப்படியே நின்றன. வீச்சு இரண்டாவது முறை வரவில்லை. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மகள் விழிக்கவில்லை. நயாகராவில் முதல் நிறுத்தத்தில் இறங்கி, பார்களைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்களைத் தொட்டுப் பார்த்து, சக்கர நடுப்பகுதிகளின் சூட்டைக் கையால் சோதித்து, டயர்க் காற்றை அளந்து முடித்தபோது, தேய்ந்து பளபளத்த பிராக்கெட்டின் மேற்பரப்பில் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் உராய்வுத் தடம் விழுந்திருந்தது. பார்கள் இரண்டும் சமமாகச் சுமக்கின்றன என்பதற்கு அந்தத் தடமே அடையாளம்; ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் பிராக்கெட்டின் உயரத்தை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.